தேதியில்லாத ஒரு காசு: திருவிதாங்கூர்ச் செப்புக்காசைப் பிரிப்பதும் காப்பதும்

பாறசாலை, களியக்காவிளை, ஆரியங்காவு, செங்கோட்டை என்று எல்லையோரத்தில் எங்கே பழைய ஓட்டுவீடு இடித்தாலும், பத்தாயத்தின் அடியிலிருந்தோ வெற்றிலைச் செல்லத்துக்குள்ளிருந்தோ ஒரு துணிமுடிச்சு வெளியே வரும். அவிழ்த்தால் பச்சையும் கறுப்புமாகச் செப்புக்காசுகள். அதற்கப்புறம் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். தட்டில் கொட்டுவார்கள், புளி கரைத்து ஊற்றுவார்கள், தேங்காய்நாரால் தேய்ப்பார்கள். கால் மணி நேரத்தில் காசு பளபளக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் போனது திரும்ப வராது.

அந்த முடிச்சில் மிகச் சின்னதாக, சுண்டுவிரல் நகத்தளவில், ஒரு பக்கம் சங்கும் மறுபக்கம் மதிப்புமாக இருப்பது ‘ஒரு காசு’ என்ற திருவிதாங்கூர் நாணயம். ஒரு கிராம்கூட எடை வராது. ராஜா தலை கிடையாது, ஆண்டும் கிடையாது. நாணயப் பட்டியல்கள் இந்த வகையை 1928 முதல் 1949 வரை என்று ஒரே மூச்சில் போட்டுவிடும். இருபத்தோரு ஆண்டு, ஒரே முகம். உங்கள் கையிலிருப்பது அந்த இருபத்தோரு ஆண்டில் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று காசைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது யாரோடு கிடந்தது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அதனால்தான் புளித் தண்ணீரைவிட மோசமான தவறு ஒன்று உண்டு என்கிறோம்: முடிச்சைக் கலைத்து, நல்லதை ஒரு டப்பாவிலும் மற்றதைப் பிள்ளைகள் கையிலும் கொடுத்துவிடுவது.

அந்த இருபத்தோரு ஆண்டு எப்படிப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொடங்கும்போது சேது லட்சுமிபாயின் பொறுப்பாட்சி. 1931 நவம்பரில் சித்திரைத் திருநாள் பாலராமவர்மா பொறுப்பேற்றார். 1938 ஆகஸ்ட் 31ஆம் தேதி நெய்யாற்றின்கரையில் ஸ்டேட் காங்கிரஸ் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு. கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, 1114 பிறந்த ஆவணியிலேயே அது நடந்தது. அதன் பின் 1122 என்ற ஒரே கொல்லம் ஆண்டுக்குள் எத்தனை வந்து விழுந்தன என்று பாருங்கள்: 1946 அக்டோபரில் புன்னப்பிரை வயலார் தொழிலாளர் கிளர்ச்சி; 1947 ஜூன் 11ஆம் தேதி, திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அறிவிப்பு; ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் அவர் வெட்டுப்பட்டுக் காயமடைந்தது; பிறகு ஆகஸ்ட் 15. தெற்கே நாகர்கோவிலில், தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் குரல் உயர்ந்துகொண்டிருந்ததும் இதே காலம்தான். 1949 ஜூலை 1ஆம் தேதி கொச்சியோடு இணைந்ததும் திருவிதாங்கூர் என்ற தனி அரசே முடிந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு காசின் சங்கு மாறவில்லை. அது பத்மநாப சுவாமியின் சங்கு. ராஜ்யத்தையே அவர் பெயருக்கு எழுதிக்கொடுத்த ராஜ்யத்தின் முத்திரை. ஆட்சி ஆட்டம் கண்டதை அந்தக் காசு தன் முகத்தில் காட்டவே இல்லை.

காட்டுவது பக்கத்தில் கிடக்கும் காசுகள். அவற்றைப் படிக்கக் கணக்கு தெரிய வேண்டும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக 28 சக்கரம், அதாவது 448 காசு. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு மட்டும் இருபத்தெட்டரைச் சக்கரம், 456 காசு. அந்தப் பக்கத்து ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஒரு காலணாவுக்கு ஏழே கால் காசுகூட இல்லை, ஏழும் அரைக்காலும், சரியாக 7.125. எட்டுக்காசு நாணயம் காலணாவைவிடக் கொஞ்சம் உசத்தி. ஆரல்வாய்மொழிக்கு இப்பக்கமும் அப்பக்கமும் போய்வந்த குடும்பங்களின் முடிச்சில் இரண்டு நாட்டுச் சில்லறையும் கலந்தே கிடப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் கையில் பின்னம் மிஞ்சும். மிஞ்சியது முடிச்சுக்குள் போகும்.

இனி வேலைக்கு வருவோம். முடிச்சை அவிழ்க்குமுன் ஒரு படம் எடுங்கள். எங்கே கிடந்தது, எந்த அறை, எந்தப் பெட்டி, யார் வீட்டு வழி என்பதை அப்போதே தாளில் எழுதிவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் மறந்துபோகும். மேசைமேல் நான்காக மடித்த துண்டை விரித்து அதன்மேல்தான் அவிழ்க்க வேண்டும். டைல்ஸ் தரையில் ஒரு காசு விழுந்தால் உருண்டு எங்கே போனதென்று தெரியாது, விளிம்பும் நசுங்கும். துணியையும் கயிற்றையும் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே சுங்கச் சீட்டோ கடைத்துண்டோ இருந்தால் அது காசைவிடப் பெரிய சாட்சி.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், இத்தனை சின்னக் காசு அதில் வழுக்கும். மெல்லிய நைட்ரைல் கையுறை பரவாயில்லை. எண்ணிக்கை நூறைத் தாண்டினால் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் தட்டு மிக உதவும். இந்தத் தொல்லை புதிதல்ல. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த பழைய வெள்ளிச் சக்கரத்தை எண்ணத் திருவிதாங்கூர்க் கருவூலத்தில் சக்கரப் பலகை என்றே ஒன்று வைத்திருந்தார்கள்: வரிசை வரிசையாகக் குழி வெட்டிய மரப்பலகை. மேலே காசைக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும், மீதியை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார்.

பிரிக்கும்போது முதலில் சங்கு உள்ளவற்றைத் தனியாக வையுங்கள். ஆனால் சங்கு என்றாலே திருவிதாங்கூர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொச்சி ராஜ்யத்தின் புத்தன் என்ற வெள்ளிக் காசிலும் சங்கு உண்டு. நாலு காசு, எட்டுக் காசுகளில் சங்குக்கு மறுபக்கம் பின்னிய ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். ஆர், வி என்று இரண்டே எழுத்தானால் ராமவர்மா பெயரிலான பழைய அச்சு. பி, ஆர், வி என்று மூன்றானால் பாலராமவர்மா. பட்டியல்கள் இதை 1938 முதல் 1949 வரை வைக்கின்றன. இவற்றிலும் ஆண்டு இராது. தேய்ந்த காசில் பி எழுத்து மங்கியிருக்கலாம். அதனால் நேர்வெளிச்சத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். கைபேசி டார்ச்சை மேசையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நாலு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத கோடு நிழலாக எழும்பி வரும்.

வெள்ளியில் அடித்த பணமும் அரை ரூபாயும் கிடைத்தால் அதிர்ஷ்டம், அவற்றில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணியில் பிறந்து ஆடியில் முடிகிற ஆண்டு அது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி வரை 825. 1121 என்று இருந்தால் 1945 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1946 ஆகஸ்ட் நடுவரை. ஒற்றை ஆங்கில ஆண்டாக எழுதிவைப்பது தவறு. 1945–46 என்றே எழுதுங்கள்.

அடுத்து ஓட்டைக் காலணா. எதற்கும் பெறாத பொருளுக்கு உவமையாகத் தமிழில் நின்றுவிட்ட நாணயம். ஆனால் காலம் கணிக்க இதைப் போல உதவுவது வேறில்லை. 1942 வரை காலணா 4.86 கிராம் வெண்கலம், ஆறாம் ஜார்ஜ் தலையோடு. உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1943இல் நடுவில் பெரிய துளை போட்டு, எடையை 2 கிராமாகக் குறைத்தார்கள். குறுக்களவு 21.3 மில்லிமீட்டர். ராஜா தலைக்கு இடமில்லாமல் கிரீடம் மட்டும் மேலே நிற்கும். 1947 வரை இந்த உருவம். ஆண்டு தெளிவாக இருக்கும். துளை இருந்ததால் கயிற்றில் கோத்தார்கள், நட்டுக்கு வாஷராகவும் போட்டார்கள். வாஷராக ஓடியதில் துளையின் ஓரம் மட்டும் பளபளத்துத் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்டதைப் புழக்கத் தேய்மானம் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

கடைசியில் குதிரை பைசா, அதாவது அசோகச் சிங்கமும் ஓடும் குதிரையும் போட்டது. குடியரசின் முதல் நாணய வரிசை 1950 ஆகஸ்ட் 15ஆம் தேதி வந்தது. நயா பைசா 1957 ஏப்ரல் 1ஆம் தேதி.

விதி எளிது: முடிச்சில் உள்ள மிகப் புதிய நாணயத்துக்கு முன்னால் அந்த முடிச்சைக் கட்டியிருக்க முடியாது. ஒரு காசுகளோடு பி, ஆர், வி நாலு காசும் 1944 ஓட்டைக் காலணாவும் இருந்து, குதிரை பைசா ஒன்றுகூட இல்லாவிட்டால், அது 1944இலோ அதற்குப் பின்னரோ, ஏறக்குறைய 1950க்குள் கட்டிய முடிச்சு. நீங்கள் கையில் வைத்திருப்பது அந்தக் கொந்தளிப்பு ஆண்டுகளில் செலவுக்கு இருந்த சில்லறை. ஆனால் முடிச்சுகளில் பின்னால் வந்தவர்கள் காசு போட்டு வைப்பதும் உண்டு. தொண்ணூறு காசுக்கு நடுவே ஒற்றை நயா பைசா கிடந்தால் முடிச்சு முழுவதையும் 1957க்குத் தள்ளிவிடக் கூடாது. அங்கேதான் கறை பேசும்.

பல பத்தாண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த செப்புக்காசுகளில் ஒன்றின் உருவம் மற்றதில் கறையாகப் படியும். பெரிய நாணயத்தின் முகத்தில் ஒரு காசு அளவிலான வெளிர் வட்டம் இருக்கும். ஒரு காசின்மேல் ஓட்டைக் காலணாவின் துளை ஓரம் பிறைபோலப் பதிந்திருக்கும். அந்தப் பிறை இருந்தால் இரண்டும் நெடுங்காலம் சேர்ந்தே கிடந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பின்னால் போட்ட நயா பைசாவில் இப்படிப் பதிவே இராது, அல்லது மிக மெலிதாக இருக்கும். புளி அழிப்பது இந்தப் பிறையைத்தான். தேதியில்லாத காசின் தேதி அந்த அழுக்கில் எழுதியிருக்கிறது. அதைக் கழுவிவிட்டால் 1928 முதல் 1949 வரை என்ற பட்டியல் வரிதான் மிஞ்சும். ஆகவே இரு பக்கமும் படம் எடுத்து, எண் கொடுத்து, எடை குறித்த பிறகே தண்ணீர் பக்கம் போக வேண்டும். எடைக்கு 0.01 கிராம் காட்டும் தராசு போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு மூன்று முறை வையுங்கள். ஒரு கிராமுக்குக் கீழே காற்றே தராசின் எண்ணை மாற்றிவிடும். குறுக்களவு எடுக்கும் காலிப்பரின் தாடையில் செல்லோடேப் ஒட்டிக்கொண்டால் காசில் கீறல் விழாது.

சுத்தம் செய்வது அவசியமா என்று முதலில் கேளுங்கள். எழுத்து படிக்க முடிகிறதென்றால் தொடவே வேண்டாம். மண் அப்பிக் கிடந்தால் மட்டும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்து, நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுங்கள். கிணற்றுநீரும் குழாய்நீரும் கூடாது, அவற்றில் உப்பும் குளோரினும் உண்டு. நாலைந்து நாளில் மண் இளகும். மூங்கில் பல்குத்தியால் பக்கவாட்டில் தள்ளினால் பெயர்ந்து வரும். ஊசி, பிளேடு, கம்பி பிரஷ் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பிசின்போல் ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் பத்து நிமிடம் போடலாம். கண்ணாடிப் பாத்திரம், திறந்த ஜன்னல், அடுப்பு அணைந்திருக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கும் திரவம் அசிட்டோன் ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும்: தேங்காயெண்ணெய். அழுக்கு இளகட்டும் என்று எண்ணெயில் போட்டு வைப்பார்கள். தேங்காயெண்ணெய் காறும்போது அதிலுள்ள கொழுப்பமிலம் செம்பைத் தின்று, ஒட்டுகிற பச்சை மெழுகாக மாறும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் சங்கின் வரி இராது. எண்ணெய்தான் வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் வாங்குங்கள். அது காறாது. வாரக்கணக்கில் ஊறலாம். புளி, எலுமிச்சை, வினிகர், சாம்பல், பித்தளை விளக்கும் பொடி எல்லாம் ஒரே குற்றம்தான். அமிலம் மேல்தோலை உரித்து, பச்சை மாமிசம்போல இளஞ்சிவப்புச் செம்பை வெளியே கொண்டுவரும். ரூபாய் நாணயத்தில் கொஞ்சம் போனால் தெரியாது. ஒரு கிராமுக்குக் குறைந்த காசில் அந்தத் தோல்தான் எழுத்து.

பச்சையில் இரண்டு உண்டு. கெட்டியாக, வழவழப்பாக, தேய்த்தாலும் வராத கரும்பச்சை நல்லது, அது காசின் காப்பு. வெளிர்பச்சையாக, மாவுபோல, குச்சியால் தொட்டால் உதிர்ந்து அடியில் குழி காட்டுவது நோய். உப்பிலிருந்து வந்த குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் பட்டதும் அமிலமாகி மேலும் செம்பைத் தின்கிறது. அது மறுபடி குளோரைடு ஆகிறது. கொல்லங்கோடு, பூவார், பொழியூர் பக்கத்துக் கடலோர வீட்டு முடிச்சுகளில் இது அதிகம். கண்டதும் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். 200 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் 5.6 கிராம் அன்ஹைட்ரஸ் சோடியம் கார்பனேட்டும் 4.4 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் கரைத்து அதில் ஊறவையுங்கள். வாரம் ஒரு முறை புதுக்கரைசல்; ஆறு வாரமாவது பொறுமை வேண்டும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு வாரம், தினமும் மாற்றி. கடையில் கிடைக்கும் துணிச்சோடாப் படிகத்தை அதே எடைக்குப் போட்டால் அளவு தப்பிவிடும், அதில் பாதிக்கு மேல் தண்ணீர். இந்தக் கரைசல் காசின் நிறத்தைச் சற்று மாற்றும் என்பதையும் அறிந்தே செய்யுங்கள். நோயில்லாத காசுக்கு ஒருபோதும் வேண்டாம்.

காயவைத்த பிறகு பாதுகாப்பு. இந்த மண்ணில் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் துலாமழை என்ற வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும். ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றிலேயே தண்ணீர். மெத்தென்று வளையும் பிளாஸ்டிக் உறை, குறிப்பாகப் புதுச் செருப்பு வாடை வீசுவது, பிவிசி. அது பச்சைப் பிசின் விடும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் சன்னல் வைத்த அட்டை உறைகளில், இருப்பதிலேயே சின்ன வட்டம் உள்ளதை வாங்குங்கள். ஸ்டேப்ளர் முள் போடாமல் தானே ஒட்டுகிற வகை வேண்டும். கடற்காற்றில் முள் துருப்பிடித்து அட்டை வழியாகக் காசுவரை இறங்கும். ரப்பர் பேண்ட் கூடாது, அதன் கந்தகம் கறுக்க வைக்கும். அட்டைகளை, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட மூடி இறுகிய டப்பாவில் வைத்து, ஐந்து லிட்டர் டப்பாவுக்கு நூறு கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று இருந்தால் நல்லது. 40 சதவீதத்துக்கு மேல் ஏறினால் ஜெல்லை எடுத்து 110 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வறுத்து ஆறவைத்துத் திருப்பிப் போடலாம். துணிமுடிச்சைத் தனி உறையில், அதே டப்பாவில்.

விலை பற்றிக் கேட்பவர்கள் அதிகம். தேய்ந்த ஒரு காசு எளிதில் கிடைக்கிற நாணயம், லட்சம் ஒன்றும் வராது. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் அழைப்பு எல்லாம் மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள் என்பதால் அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டது. அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு என்று சொல்லி ஏமாற்ற எல்லையோரத்தில் இன்னும் சுற்றுகிறவர்களிடம் பேச்சே வேண்டாம். செம்போ வெண்கலமோ ஆன காசு காந்தத்திலும் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பின்மேல் பூச்சு.

வீட்டுப் பெட்டியில் கிடைத்தது வேறு, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணிலிருந்து கிடைத்தது வேறு. மண்ணுக்குள் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கேரளத்தில் இதற்கென 1968ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. நூறு வயது தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆர், வி எழுத்துள்ள பழைய காசுகள் அந்த வயதைத் தாண்டியிருக்கலாம். வெளிநாட்டு உறவினருக்கு நினைவுப்பொருளாகக் கொடுத்தனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

அட்டை உறையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறும். என்ன எழுதுவது என்றால்: முடிச்சு எண், காசு எண், ஊர், கிடைத்த இடம், எடை, எந்தக் காசோடு ஒட்டியிருந்தது. "முடிச்சு 1, காசு 14, பாறசாலை, பத்தாயத்தின் அடி, பின்பக்கம் ஓட்டைக் காலணாப் பிறை, 22ஆம் எண்ணோடு" என்று ஒரு வரி இருந்தால் போதும். 22ஆம் எண்ணின் அட்டையில் 14 என்று திருப்பி எழுதவும் மறக்க வேண்டாம்.